ஊசி போடும் முன் ஒரு நிமிடம்

சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முழங்கால் மூட்டு மாற்றியவர்கள்தான் எங்களிடம் அதிகம். தோள் மூட்டு எப்போதாவது வரும். ஆனால் எனக்குக் கவலை அதில்தான் கூடுதல். காரணம், நரம்பு.

தோள் மூட்டுக்கு அடியில், அதன் உறையை ஒட்டியே அக்குள் நரம்பு ஓடுகிறது. கையைத் தூக்கும் டெல்டாய்டு தசையை இயக்குவது அதுதான். கத்தி பட்டு நரம்பு அறுந்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அது அபூர்வம். மூட்டைத் திறக்கக் கையைப் பின்னால் தாழ்த்தி வெளிப்பக்கம் திருப்பும்போது நரம்பு இழுபடும். பெரும்பாலும் நடப்பது இதுதான். 1985-ல் பிரான்சின் பால் கிராமோன் வடிவமைத்த ‘ரிவர்ஸ்’ மூட்டில் பந்தும் கிண்ணமும் இடம் மாறியிருக்கும். கை சற்று நீளும், நரம்பும் கூடவே இழுபடும். அந்த மூட்டு நம்பியிருப்பதோ டெல்டாய்டு ஒன்றை!

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அம்மா, மழையில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு நொறுங்கி வந்தார். ரிவர்ஸ் மூட்டு என்று முடிவானது. மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டால் நரம்பு வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியாது. அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று போனேன். “முழங்கையை என் கை மேல லேசா வெளியே தள்ளுங்கம்மா” என்றேன். தசை சரியாக இறுகவில்லை. தோளின் வெளிப்புறத் தோலில் தொட்டாலும் மந்தம். விழுந்த அடியிலேயே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது! டாக்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதினோம். கொஞ்சமாவது இறுகுகிறதே என்று அவர் அறுவையைத் தள்ளிப்போடவில்லை.

மறுநாள் ஊசியின் மரப்பு போன பிறகும் தோள் எழும்பவில்லை. “ஆபரேஷன்லதான் நரம்பு போச்சு” என்று மகன் சத்தம் போட்டார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. ஒப்புதல் படிவத்தில் ‘நரம்பு பாதிப்பு ஏற்படலாம்’ என்ற வரியை யார் நிதானமாக விளக்குகிறோம்? எழுதியதைக் காட்டினோம். அறுவையிலும் கொஞ்சம் இழுபட்டிருக்கலாம் என்பதை டாக்டர் மறைக்கவில்லை. அப்புறம்தான் பேச்சு தணிந்தது.

இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். அதுவரை விரலும் மணிக்கட்டும் முழங்கையும் விறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். “அடிக்கடி மலையிறங்கி வந்தா கூலி போயிடும் கண்ணு” என்றார் அந்த அம்மா. சரி என்று மருமகளுக்கே பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தேன். தசையின் மின்செயல்பாட்டை வைத்து நரம்பின் நிலையைப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையை உடனே எடுக்கச் சொன்னார் மகன். மூன்று, நான்கு வாரம் போகாமல் அதில் தெளிவாகத் தெரியாது என்று சொல்லி, அதற்கு மட்டும் ஒரு தேதி குறித்துக் கொடுத்தோம்.