அப்பாவின் டிக்கெட், மகளின் ஸ்கோர் தாள்

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை இறக்கி, அதில் இருந்தவற்றை மகளும் நானும் கூடத்தில் விரித்த வேட்டியின்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி, இரு அணியின் ரன்னும் சமமாகி ‘டை’ ஆன டெஸ்டின் ஐந்தாம் நாள் டிக்கெட் அதில் இருந்தது. மடிப்பில் கிழிந்த அதன் மேல் அப்பா எப்போதோ ஒட்டிய செல்லோடேப் காய்ந்து உதிர்ந்துவிட்டது. பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி, புளித் தண்ணீர் சிந்தியதுபோலப் பழுப்புக் கோடாக நிற்கிறது. மகள் அதைத் தொடவே தயங்கினாள்.

17 செப்டம்பர், செவ்வாய்

டிக்கெட்டை லேமினேட் செய்துவிடலாம் என்றான் தம்பி. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்திலிருந்து பிரிக்கவே முடியாது என்பதால் நான் சம்மதிக்கவில்லை. பாலியெஸ்டர் உறை வாங்கி வந்திருக்கிறேன்.

18 செப்டம்பர், புதன்

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மகள் நோட்டும் பென்சிலுமாகத் தாத்தா எதிரே உட்கார்ந்துகொண்டாள். 348 ரன் எடுக்க வேண்டிய இந்தியாவுக்கு, கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் தேவைப்பட்டது நான்கு ரன். கையில் இருந்தது ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டும் ஒன்றுமாக மூன்று ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்து அப்பாவைக் கட்டிக்கொண்டாராம். ஐந்தாம் பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தினார். 347-இல் ஆட்டம் முடிந்தது. அந்தப் பெரியவர் கையை எடுக்காமலே, “தம்பி, இப்போ யாருப்பா ஜெயிச்சது?” என்று கேட்டாராம். இத்தனை வருடம் அந்த டிக்கெட்டைப் பார்த்திருந்தும் இதை நான் கேட்டதில்லை. ஸ்கோரை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் அப்பாவிடம் மட்டுமே இருக்கிறார்.

22 செப்டம்பர், ஞாயிறு

அந்த ‘டை’ முடிந்து சரியாக 38 ஆண்டுகள் ஆன நாளில் மூவரும் சேப்பாக்கத்தில் இருந்தோம். வங்கதேசத்துடனான டெஸ்டின் நான்காம் நாள், உணவு இடைவேளைக்கு முன்பே 280 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. முதல் இன்னிங்ஸில் 113 ரன் அடித்த அஸ்வின் இரண்டாம் இன்னிங்ஸில் 88 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். மகள் பந்துக்குப் பந்து புள்ளி வைத்து நிரப்பிய ஸ்கோர் தாளின் ஓரம் வியர்வையில் நெளிந்திருந்தது. வேறு தாளில் திருத்தமாக எழுதித் தருகிறேன் என்றவளிடம், நெளிந்ததே இருக்கட்டும் என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அவள் வெள்ளைத் தாள் ஒன்றை அவர்முன் வைத்து, “தாத்தா, அந்தப் பெரியவரைப் பற்றி உங்க கையெழுத்திலேயே எழுதுங்க” என்றாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பென்சிலால் நான்கு வரி எழுதினார். அந்தத் தாளை டிக்கெட்டின் உறைக்குப் பின்னால் தனி உறையில் வைத்தோம். அடுத்த உறையில் மகளின் ஸ்கோர் தாள்.