2^67 − 1: மீதி 1 வந்தேவிட்டது

ஒரு வழியாக முடிந்தது. 147573952589676412927, அதாவது 2^67 − 1 (67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது), 193707721-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. தாள், பென்சில், 10 இலக்கக் கால்குலேட்டர், அவ்வளவுதான்.

பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்ததும், பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-இல் காரணி எதுவும் காட்டாமலே இது பகு எண் என்று நிறுவியதும், 1903-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் அதன் இரண்டு காரணிகளையும் கரும்பலகையில் வாய் திறக்காமல் பெருக்கிக் காட்டியதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த 21 இலக்கத்தை வகுக்க வேண்டியதே இல்லை, மீதியை மட்டும் துரத்தினால் போதும். 2^32-ஐ 193707721-ஆல் வகுத்தால் மீதி 33397434. இரட்டித்தால் 2^33-க்கு 66794868. இதை வர்க்கப்படுத்தி இரட்டித்தால் 2^67 கையில். வழியில் ஒரே ஒரு பெரிய வர்க்கம், வில்லங்கமும் அதில்தான். விடைக்கு 16 இலக்கம். விரிதாளில் போட்டால் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டு கடைசி 4-ஐ 0 ஆக்கிவிடும். மீதிக் கணக்கில் கடைசி இலக்கம் போனால் எல்லாமே போச்சு. கால்குலேட்டரோ இன்னும் மோசம்.

அதனால் எண்ணை 6679, 4868 என்று இரண்டாக வெட்டினேன். 6679-இன் வர்க்கம் 44609041. குறுக்குப் பெருக்கலின் இருமடங்கு 65026744. 4868-இன் வர்க்கம் 23697424. இடம் தள்ளிக் கூட்டினால் 4461554391137424. இரண்டு பக்கமும் ஒன்பதால் வகுத்த மீதியை ஒப்பிட்டால் சரி, ஆனால் அதை நான் நம்புவதில்லை. இலக்கம் இடம் மாறினாலும் தலையாட்டும். பதினொன்றாலும் சோதித்தேன், இரண்டு பக்கமும் 9. அப்புறம் நீள்வகுத்தல். மீதி 96853861. இரட்டித்தால் 193707722. வகுத்தியைவிட ஒன்றே ஒன்று கூட, அதாவது 2^67-க்கு மீதி 1, அதில் ஒன்றைக் கழித்தால் மீதியே இல்லை! அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

காரணியைத் தேடிக் கொடுத்தது கணினிதான். 2^67 − 1-இன் காரணி எதுவானாலும் 134k + 1 வடிவம் (k முழு எண்), k-யை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. k = 1445580-இல்தான் முதல் காரணி சிக்கியது. முதலில் சிக்கியது என்பதாலேயே அது பகா எண். இன்னொரு காரணி 761838257287 இருக்கிறதே, அதன் வர்க்கமூலம் 872834-ஐ எட்டாது. அதற்குள் ஏதாவது காரணி இருந்திருந்தால் தேடல் அதை முன்பே பிடித்திருக்கும். ஆக அதுவும் பகா எண், தனிச் சோதனையே தேவையில்லை. எனக்குப் பெருக்கலைவிட இந்த இனாம்தான் ருசித்தது.

இரண்டையும் முழுதாகப் பெருக்கிப் பார்ப்பது பாக்கி. 193707721-இல் 7 மூன்று தடவை வருவதால் 5332867801009-ஐ ஒரு முறை கணக்கிட்டால் மூன்று வரிக்கும் போதும். ஆனால் மனசு அதற்குள் 2^59 − 1 பக்கம் போய்விட்டது. அதன் காரணிகள் 118k + 1 வடிவம், சிறியது 179951, k வெறும் 1525. 3, 5, 7-ஆல் வகுபடுபவற்றைக் கழித்தால் சோதிக்க வேண்டியவை சுமார் 350. விடை தெரியாததுபோல் k = 1-இலிருந்து தொடங்கி, இந்த முறை தேடலையும் தாளிலேயே செய்யப் போகிறேன். கட்டம் போட்ட பெரிய நோட்டு ஒன்று வாங்க வேண்டும். கோடு போட்டதில் இலக்கங்கள் வரிசை தப்புகின்றன.