வெள்ளியை உடைத்த வெள்ளிக்கிழமை

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்தில் எங்கள் தெரு வழியாக விடிய விடிய லாரி போகும். கூழ் தொழிற்சாலைக்கு லோடு. அந்தச் சத்தம் பழகிவிட்டது. அதில்தான் எனக்கு வேலை ஓடும். பகலில் ஓசூரில் சம்பளத்துக்கு ஒரு வேலை. இரவில் சம்பளமில்லாத இன்னொன்று: பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழ்க் கோப்புகளை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சிறிய திறமூல நிரல், அதாவது யாரும் எடுத்துப் படித்துத் திருத்தக்கூடியது. அதற்கு நான் மெயின்டெய்னர். கேட்கப் பெரிய பதவி மாதிரி இருக்கும். யார் கோடு அனுப்பினாலும் படித்துப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்லி, அப்புறம் ரிலீஸ் போடுவதுதான் வேலை.

கோடில் யார் என்ன மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கருவி கிட். இரண்டு பேரின் மாற்றங்களை அதில் ஒன்றாகச் சேர்ப்பது மெர்ஜ். புதிதாக வருபவர்கள் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் (மோதல்) என்றால் பயப்படுவார்கள். எனக்கு அது பிடிக்கும். ஒரே வரியில் இரண்டு பேர் கை வைத்துவிட்டால் கிட் நின்றுவிடுகிறது. இவர் எழுதியது இது, அவர் எழுதியது இது, நீயே முடிவு செய் என்று குறி போட்டுக் காட்டுகிறது. இதைவிட நேர்மையான கருவி வேறு என்ன வேண்டும்? நான் பயப்படுவது, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சேர்ந்துவிடும் மெர்ஜுக்கு. கிட் வரிகளைத்தான் பார்க்கும், அவை என்ன செய்கின்றன என்பதைப் பார்க்காது. இது எனக்குப் புரிய ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருக்கும். அதில் ‘ள’ எழுத்தும் ஔகாரக் குறியின் பின்பாதியும் ஒன்றேதான், ஒரே சாவி. ஆகவே பழைய கோப்பில் ‘கௌரி’யும் ‘தெளிவு’ம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: ஒரு கொம்பு, ஒரு மெய், பிறகு ஒரு ‘ள’. முதலாவதில் அந்த ‘ள’ ஔகாரத்தின் வால். இரண்டாவதில் அது அசல் ளகரம். எங்கள் நிரல் பல வருடங்களாக ஔகாரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. கௌரி ‘கெளரி’யாக வந்தாள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்க மாட்டாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் இதைச் சரிசெய்து அனுப்பினார். கொம்பு, மெய், ‘ள’ என்று வந்தால் ஔகாரமாக்கு. ‘ள’வுக்கு அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே. எளிமையான, அழகான விதி. அதே வாரம் கோவையில் படிக்கும் ஒரு மாணவி வேகத்தைக் கூட்ட ஒரு மாற்றம் அனுப்பினார். அதுவரை குறிகளை முதலில் யூனிகோடாக்கிவிட்டு எழுத்துகளைப் பிறகு மாற்றுவோம். அவர் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார். பெரிய கோப்புகள் பாதி நேரத்தில் முடிந்தன.

இரண்டையும் நான்தான் படித்தேன். இரண்டும் சரி. வேறு வேறு கோப்புகள் என்பதால் கிட் வாயே திறக்கவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை. வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு 2.4.0 என்று டேக் (பதிப்பு எண் முத்திரை) போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை தர்மபுரியில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு அண்ணன் கூப்பிட்டார். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை எங்கள் நிரலில் போட்டு மாற்றிக்கொண்டிருப்பவர்.

“தம்பி, வெள்ளியைக் காணோம்.”

தூக்கக் கலக்கத்தில் வீட்டில் ஏதோ திருட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“போலீஸ்ல சொன்னீங்களாண்ணா?”

“அட, நோட்டீஸ்ல தம்பி. கோயில் நோட்டீஸ். வெள்ளிக்கிழமைன்னு இருந்த இடத்துல எல்லாம் என்னமோ வட்டமா வருது.”

திறந்து பார்த்தேன். ‘வௌ்ளிக்கிழமை’. ஒட்டிக்கொள்ள இடமில்லாத புள்ளி ஒரு பொட்டு வட்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. தெளிவு, வெள்ளம், வெளியூர் எல்லாம் அதே கதி. பள்ளி மட்டும் தப்பியது, அதற்குக் கொம்பு இல்லை.

2.3-க்கும் 2.4-க்கும் நடுவே 140 கமிட், அதாவது பதிவான மாற்றங்கள். கிட் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. பட்டியலைப் பாதியாக வெட்டி, இங்கே சரியா தவறா என்று கேட்டுக் கேட்டுப் பிழை நுழைந்த இடத்துக்குப் போகும். 140 என்றால் எட்டுக் கேள்விக்குள் முடிந்துவிடும். எட்டாவது கேள்வியில் அது காட்டியது யாழ்ப்பாணத்துக்காரரின் கமிட்டை அல்ல, மாணவியினுடையதும் அல்ல. நான் இரண்டையும் சேர்த்த மெர்ஜ் கமிட்டைக் காட்டியது. அதன் இரண்டு பெற்றோரும் (சேர்க்கும் முன் இருந்த இரண்டு பக்கங்களும்) தனித்தனியே சரியாக ஓடினார்கள்.

காரணம் பிறகுதான் விளங்கியது. ‘ள’வுக்கு அடுத்துக் குறி இருக்கிறதா என்று விதி பார்க்கும்போது, புதிய வரிசைப்படி அந்தக் குறி இன்னும் யூனிகோடாக மாறியிருக்காது, பாமினியிலேயே இருக்கும். விதிக்கு அது குறி என்றே தெரியவில்லை. டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? அந்த விதியை மட்டும் தனியாக எடுத்து, ஏற்கெனவே மாற்றிய எழுத்துகளைக் கொடுத்துச் சோதித்திருந்தோம். பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான்.

ஒரு நிமிடம் சபலம் தட்டியது. டேக்கை அழித்துவிட்டு, திருத்தியதை அதே 2.4.0 என்று போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? நல்லவேளை, எங்கள் நிரல் போன்ற பைத்தான் மொழித் தொகுப்புகள் இருக்கும் பைபிஐ தளம் ஒருமுறை ஏற்றிய கோப்பின் பெயரை, அழித்தாலும்கூட, மறுபடி அனுமதிக்காது. ஒரே எண்ணில் இரண்டு விதமான நிரல் என்பது ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா மாதிரி, பின்னால் வருகிறவன்தான் அலைவான். 2.4.0-ஐ யாங்க் செய்தேன். அந்த எண்ணையே குறிப்பிட்டுக் கேட்டால் ஒழிய அது இனி யாருக்கும் இறங்காது. மாணவியின் மெர்ஜை ரிவெர்ட் செய்து (திரும்பப் பெற்று) மதியத்துக்குள் 2.4.1 போட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து மாணவி திருத்தத்தோடு அதே கிளையை (தன் மாற்றங்களின் தொகுதியை) மறுபடி அனுப்பினார். சேர்த்தேன். வேகம் வரவில்லை.

“அண்ணா, என் கோடு பாதி எங்க போச்சு?”

மெர்ஜை ரிவெர்ட் செய்தால் அதன் விளைவுதான் போகும், வரலாறு போகாது. பழைய கமிட்டுகள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவை என்றே கிட் கணக்கு வைத்திருக்கிறது. ஆகவே புதிய வரிகள் மட்டும் வந்தன. ரிவெர்ட்டையே ஒருமுறை ரிவெர்ட் செய்துவிட்டு அதன்மேல் திருத்தத்தைச் சேர்த்திருக்க வேண்டும். கிட்டை 2005-இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் விளக்கமே இதைப் பற்றி அதன் ஆவணங்களில் இருக்கிறது. நான் படித்ததில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் புதிய மாற்றங்களுக்கு இரண்டு வாரம்தான் கதவு திறந்திருக்கும். பிறகு வாராவாரம் சோதனைப் பதிப்பு, அதில் பெரும்பாலும் திருத்தங்கள்தான். எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்து வாரத்தில் ஒரு ரிலீஸ். அதைச் சின்ன அளவில் காப்பியடித்தோம்: மூன்று வாரம் மெர்ஜ், ஒரு வாரம் திருத்தம் மட்டும். வெளியிடும் தொகுப்பை என் மடிக்கணினியில் கட்டுவதையும் நிறுத்திவிட்டேன். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் விவகாரத்தில், 5.6.0, 5.6.1 ரிலீஸ் தொகுப்புகளில் கிட்டில் இல்லாத ஒரு கள்ளக் கோடு ஒளிந்திருந்தது. அதைப் படித்த பிறகு, டேக்கிலிருந்து சர்வர்தான் கட்ட வேண்டும், என் கை படக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

ரிலீஸ் நாளை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினோம். ஏதாவது உடைந்தால் அடுத்த மூன்று நாளும் ஆள் இருப்பார்கள். “செவ்வாயோ வெறுவாயோன்னு சொல்லுவாங்க, அன்னைக்குப் போய் ஆரம்பிக்கிறியே” என்றார் அம்மா. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

டெஸ்ட்டுக்கு இப்போது தனி விதிகளோடு முழுப் பக்கங்களும் இருக்கின்றன. அச்சக அண்ணன் அனுப்புபவை. “இதையும் ஒரு தடவை ஓட்டிப் பாரு தம்பி” என்று மாதம் ஒன்றிரண்டு வரும். பெயர்களையும் ஊர்களையும் மாற்றிவிட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். கண்ணீர் அஞ்சலி, கட்டண ரசீது, கூட்டுறவுச் சங்க நோட்டீஸ். அதிகம் பிழை பிடித்துக் கொடுத்தது 1998-இல் அடித்த ஒரு காதணி விழா அழைப்பிதழ்தான். தாய்மாமன் வரிசையில் மட்டும் ஏழு ‘ள்’. அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயது நெருங்கியிருக்கும்.