உப்புத்தாள் படாமல் மீண்ட அரிசாகா

என் மனைவியின் தாத்தா மறைந்த பிறகு, ஒஹாயோவிலுள்ள அவருடைய வீட்டின் நிலவறையில், பழைய ராணுவப் போர்வையில் சுற்றிய நிலையில் அந்தத் துப்பாக்கி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸின் லூசான் தீவிலிருந்து கொண்டுவந்தது என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அவருடைய ஒரே மகளான என் மாமியார் அதை என்னிடம் ஒப்படைத்து, "இது என்ன துப்பாக்கி என்று தெரிய வேண்டும், துரு தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி அப்பா வைத்திருந்தபடியே இருக்கட்டும்" என்றார். அடுத்த எட்டு மாதங்களில் நான் செய்த வேலைகள் எல்லாம் அந்த மூன்று சொற்றொடர்களுக்குள் அடங்கியவைதாம்.

முதலில் செய்ய வேண்டியது, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிப்படுத்துவது. பல ஆண்டுகள் இறுகிப்போன கிரீஸால், தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட் அசையவில்லை. ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு நாள் ஊறவைத்த பிறகே அது பின்னுக்கு வந்தது. தோட்டா அறை காலியாக இருந்ததைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்த பின்னரே மற்ற எதையும் தொட்டேன்.

அடையாளம் காணும் வேலை நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை, ஏனென்றால் ஜப்பானியத் துப்பாக்கி தன் வரலாற்றைத் தன் உடம்பிலேயே எழுதிவைத்திருக்கிறது. தோட்டா அறையின் மேற்புறத்தில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப்பூ, அதாவது பேரரசரின் முத்திரை. அதன் கீழே 'தொண்ணூற்றொன்பதாம் வகை' என்று மூன்று எழுத்துகள். ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக்கணக்கில் 2599 என்பது நம் கணக்கில் 1939. அந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே அரிசாகா எனப்படும் ஜப்பானிய ராணுவத் துப்பாக்கிகளில் ஒன்றான இந்த 7.7 மில்லிமீட்டர் வகைக்குப் பெயராயின. இதற்கு முந்தைய, 6.5 மில்லிமீட்டர் முப்பத்தெட்டாம் வகையோ, மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டான 1905இன் பெயரைத் தாங்கியது. எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்கள் இவ்விரண்டையும் எளிதில் குழப்பிக்கொள்வார்கள். தோட்டாக்களோ ஒன்றுக்கொன்று பொருந்தாதவை.

இடப்பக்கத்தில் வட்டத்துக்குள் கதகானா என்ற ஜப்பானிய எழுத்துமுறையில் ஓர் எழுத்து, தொடர் எண், அதன் முடிவில் ஒன்றோடொன்று பிணைந்த நான்கு வளையங்கள் இருந்தன. வளையங்கள் கொகுரா படைக்கலத் தொழிற்சாலையின் குறி. வட்டத்துக்குள் இருந்த 'ந' என்ற எழுத்து, ஜப்பானியரின் பழைய 'இரோஹா' எழுத்து வரிசையில் இருபத்தோராவது. ஆகவே இது இருபத்தோராம் உற்பத்தி வரிசைத் துப்பாக்கி, போரின் முற்பகுதியில் நல்ல வேலைப்பாட்டோடு செய்யப்பட்டது. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்த அணுகுண்டுக்கு முதலில் குறித்திருந்த இலக்கு இந்தக் கொகுராத் தொழிற்சாலைதான் என்பதையும், மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது என்பதையும் அறிந்த அன்று இரவு, அந்த நான்கு வளையங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பான் சரணடைந்த பின் ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் செவ்வந்திப்பூ அராவி அழிக்கப்பட்டிருக்கும். இதில் பூ முழுமையாக இருந்தது. போல்ட் பிடியின் அடியில் இருந்த 417 என்ற எண்ணும் தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களோடு ஒத்துப்போனது. களத்திலேயே கைப்பற்றியது என்ற குடும்பத்து நம்பிக்கைக்கு இவை வலுச்சேர்த்தன. தாத்தாவின் படைவிலகல் தாளில் 37ஆம் காலாட்படைப் பிரிவு என்றிருந்தது. ஒஹாயோ தேசியக் காவற்படையிலிருந்து உருவான அப்பிரிவு 1945 ஜனவரியில் லிங்காயென் வளைகுடாவில் கரையிறங்கி மணிலா வரை போரிட்டது. கூடுதல் விவரம் கேட்டு, படைவீரர்களின் கோப்புகள் உள்ள செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். 1973 ஜூலையில் அங்கு ஏற்பட்ட தீயில், 1912 முதல் 1960 வரை படைவிலகிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு எரிந்துபோயின. தாத்தாவின் கோப்பும் அவற்றுள் ஒன்று. வீட்டுப் பெட்டியில் இருந்த அந்த ஒற்றைத் தாளை அன்றே நகலெடுத்துப் பத்திரப்படுத்தினோம்.

இதற்கிடையே ஒரு துப்பாக்கிக் கடையில் காட்டியபோது, தோளில் ஊன்றும் மரக்கட்டையின் அடிப்பகுதி உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறது என்றும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் பூசினால் புதிதாகிவிடும் என்றும் சொன்னார்கள். இரண்டும் தவறு. மரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக அரிசாகாவின் கட்டையை இரண்டு துண்டாகச் செய்து பொருத்துவதே வழக்கம். நாங்கள் கண்ட கோடு விரிசல் அல்ல, தச்சரின் இணைப்பு. மேற்பூச்சோ உருஷி மரத்தின் பாலிலிருந்து எடுக்கும் பூச்சு. அது நம் மாமரமும் முந்திரியும் சேராங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்து மரம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு, அந்தப் பூச்சைத் தேய்த்துத் தூசியாக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உடல்நலம் ஒருபுறம் இருக்க, ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்தப் பூச்சு திரும்ப வராது. அந்தக் கடையில் விட்டுவராமல் போனது எங்கள் நல்லூழ்.

எனவே கட்டையை மென்மையான துணியால், இலேசான ஈரத்தோடு, உள்ளங்கை அளவு பகுதியாகத் துடைத்தேன். துணியில் முதலில் கறுப்பும் பிறகு பழுப்பும் இறங்கின; அடியில் தேன் நிறத்தில் உருஷி மின்னியது. நன்றாக உலர்ந்த பின், அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசினேன். இரும்பில் எண்ணெயை ஊறவிட்டு, 1982க்கு முந்தைய ஒரு அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தின் விளிம்பால் துருவைச் சுரண்டினேன். பெரும்பகுதி செம்பாலான அந்தக் காசு எஃகைவிட மிருதுவானது என்பதால் துருவை மட்டும் பெயர்க்கும், அடியிலுள்ள நீலப்பூச்சைக் கீறாது. குழலுக்குள் விட்ட ஒட்டுத்துணி ஏழெட்டு முறை அழுக்காக வந்து, பின்பு வெள்ளையாகவே வந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது. இந்த வகையில் குழலின் உட்புறத்துக்குக் குரோமியம் பூசியிருந்தார்கள். எல்லாவற்றையும் அரித்த ஈரம் அதை மட்டும் தொடவில்லை.

விமானத்தைக் குறிவைப்பதற்காக, குறிபார்க்க உதவும் பின்காட்டியில் வைத்த இரண்டு சிறகுகளும் இருந்தன. தூசிமூடியும், தரையில் ஊன்றும் கம்பிக்காலும் இல்லை. புதிதாகச் செய்த நகல்கள் விலைக்குக் கிடைக்கின்றன, வாங்கவில்லை. இதே வகைத் துப்பாக்கிகள் பலவற்றைப் பிற்காலத்தில் வேறு தோட்டாவுக்கு மாற்றிக் குடைந்திருக்கிறார்கள் என்பதால், அறையின் அளவை ஒரு தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் சோதித்தோம். மாற்றமில்லை. ஆயினும் சுடும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

கட்டையின் அடிப்புறத்தைத் துடைத்தபோது, உருஷியைக் கீறிக் கத்திமுனையால் எழுதிய 'லூசான் 45' என்ற எழுத்துகள் தெரிந்தன. 'ல்' என்ற ஒலிக்குரிய எழுத்தின் கால் நடுங்கி, இருமுறை கீறப்பட்டிருந்தது. மாமியார் அதில் விரலை வைத்து, தன் அப்பாவின் கையெழுத்து என்று உடனே சொன்னார். அந்தப் பள்ளங்களில் மெழுகு தேங்காமல் பல்குச்சியால் எடுத்துவிட்டேன்.

இப்போது துப்பாக்கி பூட்டிய பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொதியோடு நிற்கிறது. குறிகள், எண்கள், தாத்தாவின் படைப்பிரிவு, நான் செய்தவை, செய்யாமல் விட்டவை ஆகிய அனைத்தையும் எழுதிய அட்டை ஒன்று அதனுடன் இருக்கிறது.