எடின்பரோ தோட்டத்துல இருந்த பதுங்குகுழியை காரைக்குடியில உக்காந்து தேடுன கதை

அக்கா எடின்பரோவுல வாங்குன வீட்டுல மழை பெஞ்சா தோட்டத்துக் கோடியில ஒரே இடத்துல மண்ணு உள்வாங்குது, அங்க ஒரு ரூம் கட்டலாம்னு பாத்தா பக்கத்து வீட்டுப் பெரியவர் அது ஆண்டர்சன் ஷெல்டரா, அதான் ரெண்டாம் உலகப் போர்ல குண்டுவீச்சுக்கு ஒளிய வீட்டுத் தோட்டத்துல புதைச்ச பதுங்குகுழியா இருக்கும்னு சொல்லிட்டாராம். நான் ரிமோட் சென்சிங், அதாவது வானத்துல இருந்து எடுத்த படத்தை வச்சு நிலத்தைப் படிக்கிற படிப்பு படிச்சவ, நான் பாக்குறேன்னுட்டேன்.

ஸ்காட்லாந்து தேசிய நூலக சைட்ல 1944ல இருந்து 1950 வரைக்கும் எடுத்த வான்படம் ஃப்ரீயாவே கிடைக்குது. தோட்டத்தை ஈசியா பிடிச்சுட்டேன், ஆனா கோடியில தெரிஞ்சது குழி. அந்த ஷெல்டர்னா நெளி தகரத்தை வளைச்சு 4 அடி ஆழத்துல இறக்கி மேல 15 இஞ்ச் மண்ணைக் கொட்டுறது, மேடாத்தானே தெரியணும்? ரெண்டு நாள் மண்டை காஞ்சுச்சு.

சரின்னு எங்க ஊருணியை கூகுள் எர்த்ல போட்டேன், தினம் ஏறி இறங்குற கரையே பள்ளமா தெரியுது! அப்பத்தான் உறைச்சுச்சு. படத்துல வடக்கு மேல, வெயிலோ தெக்க இருந்து அடிக்குது, நிழல் நம்மளை விட்டு விலகி விழுது, கண்ணு மேல இருந்துதான் வெளிச்சம் வருதுன்னு நம்பி மேட்டைப் பள்ளமா காட்டிருது. படத்தைத் தலைகீழா திருப்புனேன். குழி அப்படியே எழும்பி மேடாயிருச்சு, எனக்கு மேல்லாம் சிலுத்துருச்சு. ஷெட்டா இருந்தா நிழலோட ஓரம் கத்தரிச்ச மாதிரி நேரா விழும், இது மழுங்கலா இருந்துச்சு, அடுத்தடுத்த தோட்டத்துலயும் அதே கோடியில அதே மேடு.

அப்பத்தாகிட்ட போனைக் காட்டுனேன். அவுக அப்பச்சி, அதான் அப்பத்தாவோட அப்பா, ரங்கூன் மொகல் தெருவுல செட்டியார் கடைங்க இருந்த கிட்டங்கியில இருந்தவர், 1941 டிசம்பர் 23 குண்டு போட்டப்ப தெருவுல நின்னு விமானத்தை வேடிக்கை பாத்தவுகதான் நிறைய செத்தாகன்னு கடைசி வரைக்கும் சொல்லுவாராம். அப்பத்தா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு அந்தப் புள்ளி மேல விரலை வச்சு, "இதுக்குள்ள எத்தனை பேரு ஆத்தா இருப்பாக?"ன்னு கேட்டாக. ஆறு பேருன்னேன். விரலை எடுக்கவே இல்ல.

அத்தான் போன வாரம் கம்பியை இறக்கிப் பாத்தாக, ரெண்டடியில ணங்குன்னு தகரம் தட்டுச்சு, தோண்டுனா துருப்பிடிச்ச நெளிவு. ரூமை இந்தப் பக்கம் தள்ளிக் கட்டப் போறாக. நான் அந்தத் தெரு முழுக்க எண்ணிக்கிட்டு இருக்கேன், இதுவரைக்கும் 11 ஆச்சு.