பீஸ் கணக்கும் நாள் கணக்கும்

திருப்பூரில் 20 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்துகிறேன்; பார்ட்டி தரும் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் எழுதுவது ஜிஎஸ்டிக்கும் ஆடிட்டருக்கும்தான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். மெஷின் சும்மா நின்ற நாளே கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் போட வெளியே கைநீட்ட வேண்டியிருந்தது.

கணக்கெழுதும் அக்காதான் ஒருநாள் சொன்னார்: "எல்லாச் செலவும் ஒரே குவியலாக் கிடக்குதுங்க. ஆர்டர் வாரியாப் பிரிச்சாத்தான் எது திங்குதுன்னு தெரியுமுங்க."

டாலியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக ஒரு காஸ்ட் சென்டர், அதாவது அந்த ஆர்டரின் செலவை மட்டும் சேர்க்கும் தலைப்பு, திறந்தோம். தையல் கூலி, செக்கிங், அயர்னிங், பேக்கிங், நூல் எல்லாம் அந்தந்த ஆர்டரின் தலையில் ஏறின. பழைய வவுச்சர் பாதியில் ஆர்டர் நம்பரே இல்லை. டெய்லர்களின் பீஸ் நோட்டை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தோம். சலிப்பான வேலைதான், ஆனால் அதில்லாமல் மற்றது எதுவும் நடந்திருக்காது.

நேரடிச் செலவு போக ஒரு பீஸுக்கு டி-ஷர்ட்டில் 3 ரூபாய், நைட் பேன்ட்டில் 6.50, குழந்தைகள் ஃபிராக்கில் 9 ரூபாய் நின்றது. ஃபிராக்கையே பிடிப்போம் என்று கிளம்பிவிட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்குதுங்க?" என்று அக்கா நிறுத்தினார். அதே ஆட்கள், அதே மெஷினில் டி-ஷர்ட் 1,200 இறங்கும், நைட் பேன்ட் 700, ஃபிராக் 350தான். பெருக்கினால் நாளொன்றுக்கு 3,600, 4,550, 3,150 ரூபாய். வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், கடன் வட்டி, தேய்மானம் எல்லாம் மாதம் ஒரு லட்சம். 25 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 4,000. பீஸுக்கு அதிகம் தந்த ஃபிராக்தான் நாள் கணக்கில் கடைசி. வருடம் முழுக்க ஓடிய டி-ஷர்ட்டிலோ தினம் 400 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது.

அதற்காக டி-ஷர்ட்டை விட்டுவிடவில்லை. வேறு ஆர்டர் இல்லாத மாதத்திலும் அந்த 4,000 செலவு நிற்காது. 3,600 வந்தால் அந்த அளவுக்குச் சுமை குறையும். நைட் பேன்ட் கிடைத்தால் மெஷின் முதலில் அதற்கு என்று முடிவெடுத்தோம்.

அப்புறம் டி-ஷர்ட் பார்ட்டியிடம் போனேன். முன்பெல்லாம் "கட்டுபடியாகலைங்க" என்று மட்டும் சொல்வேன். இந்த முறை கணக்குத் தாளைக் காட்டி பீஸுக்கு 40 காசு கூடக் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து 35 காசு ஏற்றித் தந்தார். நாளுக்கு 4,020.