பழைய அலுவலகக் கட்டடத்தை இடிக்காமல் புதுப்பித்து விரிவாக்கியது

இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டலாமே என்பதுதான் முதலில் எழும் பேச்சு. ஆனால் ஒரு கட்டடத்துக்குப் போன சிமென்டிலும் கம்பியிலும் பெரும்பங்கு அஸ்திவாரம், தூண், பீம், தளம் ஆகியவற்றில்தான் இருக்கிறது. அவை உறுதியாக இருந்தால் இடிப்பது வீண். உறுதியா என்பதைப் பூச்சைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் இரண்டு மாடி அலுவலகத்தில் ரீபவுண்ட் ஹேமர் சோதனையோடு, அதாவது சுத்தியல் போன்ற கருவியை மேற்பரப்பில் அழுத்தி, அது எவ்வளவு துள்ளுகிறது என்று அளப்பதோடு நிறுத்தவில்லை. பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு கார்பனேற்றத்தால் (காற்றின் கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டோடு வினைபுரிவதால்) கெட்டியாகி, உள்ளே இருப்பதைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். அதனால் கோர், அதாவது கான்கிரீட்டிலிருந்து துளைத்தெடுத்த உருளைத் துண்டு, எடுத்து அழுத்திப் பார்ப்பது அவசியம். கூடவே, புதிதாக உடைத்த இடத்தில் தூசியைத் தட்டிவிட்டு காரத்தைக் காட்டும் ஃபீனாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில், கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை மிச்சம் இருக்கிறது. நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால், அங்கே ஈரமும் சேரும்போது துரு பிடிக்கும். கழிப்பறைப் பக்கத்துத் தூண்களை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது மொட்டை மாடி. அங்கே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட பழைய தளமான சுருக்கி 100 மி.மீ. கனம்; எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 190 கிலோ. சோலார் பேனலும் ஸ்டாண்டும் சேர்ந்தால்கூட அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே சுருக்கியைப் பெயர்த்தாலே பேனலின் பாரத்தைத் தாங்க இடம் கிடைத்துவிடும். பெயர்த்த பின் 100-க்கு 1 என்ற வாட்டம், அதன்மேல் வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் தேக்கிக் கசிவுச் சோதனை, பிறகு வெப்பத்தைத் தடுக்கும் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை, கடைசியில் வெளிர்நிற மேல்தளம். பலகைக்குப் பதில் சாதாரண தெர்மோகோல் போட்டால் நாளடைவில் ஈரம் ஏறி, வெப்பத்தைத் தடுக்கும் திறன் குறைந்துவிடும். சோலார் ஸ்டாண்டுக்கான கான்கிரீட் பீடங்களை வாட்டர்ப்ரூஃபிங்குக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு துளையிட வரும் ஆள் ஒருவரே போதும், முழு வேலையையும் கெடுக்க.

மிகுந்த கவனம் கேட்டது பழையதும் புதியதும் சேரும் இடம். பழைய கட்டடம் பல ஆண்டுகளாக இறங்கி நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கம்பியால் பிணைத்தால் பலவீனமான இடத்தில் விரிசல் நிச்சயம். புதிய பகுதிக்குத் தனித் தூண், தனி ஃபூட்டிங் (தூணின் அஸ்திவாரம்), நடுவே இரண்டும் தனித்தனியாக அசைய விடும் இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். இடைவெளி எவ்வளவு என்பதைக் கட்டடத்தின் உயரத்தையும் நிலநடுக்க வாய்ப்பையும் கணக்கிட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். பழைய ஃபூட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரே நீளமாகத் தோண்டவே கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு டைல்ஸ் போடும்போது கோட்டை விடுவது வழக்கம். இடைவெளியில் கலவையை அடைத்து, அதன்மேல் டைல்ஸைத் தொடர்ச்சியாக ஒட்டிவிடுவார்கள். சரியாக ஜாயின்ட் ஓடும் கோட்டிலேயே டைல்ஸ் பிளக்கும். ஒரு பக்கம் மட்டும் திருகப்பட்டு, மறுபக்கம் நகரக்கூடிய உலோக மூடித் தகடுதான் அங்கே வேண்டும். ஜாயின்டைக் கடக்கும் குழாய்களுக்கும் வளையும் இணைப்பு தேவை.

பழைய தூணை அகலப்படுத்தும் இடங்களில் கம்பியைக் கெமிக்கல் ஆங்கரிங் செய்தோம், அதாவது துளையிட்டு எபாக்ஸிப் பசையால் பதித்தோம். துளைக்குள் காற்றடித்து, பிரஷ் போட்டு, மறுபடி காற்றடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்யாமல் எபாக்ஸியை ஏற்றினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டை அல்ல. இழுத்துச் சோதித்தால் கம்பி அப்படியே கையோடு வந்துவிடும்.

ஏசி அளவைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். கூரைக்கு இன்சுலேஷன், மேற்குச் சன்னலுக்கு வெளிப்புற மறைப்பு, குறைந்த வெப்பம் கடத்தும் கண்ணாடி எல்லாம் வந்த பிறகு வெப்பச் சுமை கணிசமாகக் குறையும். பழைய டன் கணக்கையே வைத்துக்கொண்டால், சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும்; காற்றின் ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். சன்னல்கள் இறுக்கமாக மூடுவதால் வெளிக்காற்று வர வழியும் தனியாகச் செய்ய வேண்டும். பழைய ஏசியில் உள்ள, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 குளிரூட்டு வாயுவைத் திறந்துவிடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய பகுதிக்கும் புதிய பகுதிக்கும் தனித்தனி மின் மீட்டர் வையுங்கள். இல்லையென்றால் பில் கூடும்போது எந்தப் பகுதி இழுக்கிறது என்று தெரியாது.